பாப்பர் ஆனவர் யார்?

மாசக் கடைசியில் ஓசூர் டீக்கடைகளில் அதிகம் கேட்கிற சொல் "டைட்டு". "கை கொஞ்சம் டைட்டா இருக்கு சார், சம்பளம் வரட்டும்" என்பார்கள். அது ஒரு வாரத்து விஷயம். மொத்தமாக நொடித்துப் போனவரைப் பற்றிப் பேசும்போது சொல் மாறும். எல்லை ஊர் இல்லையா, மூன்று மொழியிலும் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். தெலுங்கில் "ஐ.பி. பெட்டாடு". கன்னடத்தில் "பாப்பர் சீட்டி" வாங்கிவிட்டான். தமிழில் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்". வயசானவர்கள் "பாப்பராயிட்டான்" என்றும் சொல்வார்கள்.

ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன். சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று நகரங்களுக்கும் 1909-ல் தனித் திவால் சட்டம் வந்தது. மற்ற இடங்களுக்கு 1920-ல் இன்னொன்று. ஓசூர் அன்று சேலம் ஜில்லா, ஆகவே இரண்டாவது சட்டம்தான். கடன் 500 ரூபாயைத் தொட்டு, கட்ட வழியில்லை என்றால் கடன்காரரே மனுப் போடலாம். மஞ்சக் கடுதாசிக்கும் ஊரில் இதுதான் அர்த்தம்.

பாப்பர் கதை வேறு. எனக்கு அதுதான் சுவாரசியம். 1908 சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33-வது ஆணைக்குப் பெயரே 'பாப்பர்கள் தொடுக்கும் வழக்குகள்'. கோர்ட்டுக் கட்டணம் கட்டப் பணமில்லாதவரும் வழக்குப் போடலாம் என்கிற ஏற்பாடு அது. கட்டணத்துக்கான காசு கையில் இருக்கக் கூடாது; கட்டணமே குறிப்பிடாத வழக்கு என்றால், உடுத்தும் துணியும் வழக்கிலுள்ள சொத்தும் போக, 100 ரூபாய் பெறுமான சொத்துகூட இருக்கக் கூடாது. இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள், தோற்றால் கட்டச் சொல்வார்கள். சும்மா தள்ளிவைப்புதான்.

கவனித்தீர்களா? கோர்ட்டுக்குப் பாப்பர் என்பவர் கடனைக் கட்டாதவர் இல்லை. பெரும்பாலும் தனக்கு வரவேண்டியதைக் கேட்டு வந்தவர். அண்ணன் தம்பிகள் சொத்தை அமுக்கிக்கொண்டதால் பங்கு கேட்கும் ஒரு விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பாப்பர். சீட்டுக் கம்பெனி நடத்தி ஊர்ப் பணத்தை முழுங்கிவிட்டு மனுப் போடுகிறவர் இன்சால்வென்ட். தெரு இரண்டு பேரையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. ஐ.பி. என்றதும் மக்களுக்கு ஏன் எரிகிறது என்று எனக்குப் புரிகிறது, சீட்டில் போட்ட காசு திரும்பாது. ஆனால் அந்த எரிச்சலில் நியாயம் கேட்டவரின் பெயரும் வசைச்சொல் ஆகிவிட்டது.

சட்டம் 1976 திருத்தத்தில் 'பாப்பர்' என்ற சொல்லைக் கைவிட்டு 'வறியவர்' என்ற பொருளில் வேறு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டது. 100 ரூபாய் 1000 ஆனது. 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், நேர்மையாகவே கட்ட முடியாதவரைக் கடனுக்காகச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்றார். பாகலூர் ரோட்டிலோ தேன்கனிக்கோட்டையிலோ போய் "பாப்பர்னா என்னங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஊரை ஏமாத்தினவன்" என்றுதான் பதில் வரும்.