குழந்தை விருத்தித் தாமதம்: முதனிலைச் சோதனைகளை மதிப்பிடல்

தலைநிற்றல், தவழ்தல், பெயர் கேட்டுத் திரும்புதல், மழலை பேசுதல் முதலியன உரிய பிராயத்தில் தோன்றாமையை விருத்தித் தாமதம் என்பர். அதனைச் சில நிமிடங்களில் சந்தேகிக்கத் துணைபுரியும் முதனிலைச் சோதனையின் தரம், தாமதமுள்ள குழந்தைகளில் எத்தனை பேரை அது தப்பவிடாது கண்டுகொள்கிறது (உணர்திறன்), ஏனையோரை எவ்வளவு சரியாக விலக்குகிறது என்பவற்றை விரிவான நிபுணப் பரிசோதனையோடு ஒப்பிட்டே நிர்ணயிக்கப்படும்.

1967இல் அமெரிக்காவில் வெளியான டென்வர் சோதனை உலகெங்கும் பரவிற்று. 1991இல் பிரசுரமான திருவனந்தபுரம் அட்டவணையோ 17 அம்சங்களோடு அமைந்தது. இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர், 18 முதல் 24 மாதப் பிராயத்துக் குழந்தைகள் 374 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு மிக முக்கியமானது: ஆட்டிசத்துக்கான எம்-சாட் வினாப்பட்டியலின் உணர்திறன் அங்கே 25 சதவீதமே, அதாவது, ஆட்டிசமுள்ள நால்வரில் மூவர் தப்பிப்போயினர். தொகை சிறிதாயினும் எச்சரிக்கை பெரிது. பின்னர் அக்குழுவினர் படங்களைக் காட்டி வினவும் முறையொன்றை வகுத்தனர்.

அம்பாறை மாவட்டத்து இறக்காமம் போன்ற வயற்புற முஸ்லிம் ஊர்களில், குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை விரித்து, “விரலால சுட்டிக் காட்டுதா?” என்று உம்மாவிடம் வினவுகையில், மாப்பிள்ளை பெண்வீட்டில் வாழ்வதே வழக்கமாதலின், நாளெல்லாம் பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் உம்மம்மாவின் மறுமொழியும் பெறுமதியுடையது; எனவே, இத்தகைய சோதனைகளின் வினாக்களை அவ்வூர்ப் பேச்சுத்தமிழிலேயே பரீட்சித்தல் அவசியம்.