ஆயாவின் ஊதா எண்ணெய்

புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் ஆயா வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார். சில நாளில் எண்ணெய் கருஊதாவாகிவிடும். என் முழங்கையில் வெள்ளிச் செதிலாக உதிர்ந்த காளாஞ்சகப்படைக்கு அதைத் தடவி, இளவெயிலில் உட்காரச் சொல்வார். சட்டையெல்லாம் கறை. பள்ளியில் கேலி வேறு.

பிரெஞ்சுக்காரர் இங்கே 1823-இல் மருத்துவப் பள்ளி தொடங்கி (இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான்) நூறாண்டு கழிந்த பிறகே ஆங்கில மருத்துவம் பூச்சும் ஒளியும் சேர்ந்த இந்தக் கூட்டணிக்கு வந்தது. 1925-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கோக்கர்மன் நிலக்கரித் தாரைப் பூசிப் புறஊதாக் கதிரைக் காட்டினார். 1953-இல் லீட்ஸ் நகரின் இங்ராம் தார்க் குளியல், ஒளி, பிறகு டித்ரனால் பசை என்று வகுத்தார். டித்ரனாலும் ஊதாப்பழுப்பாகக் கறை பிடிக்கும். ஆயாவின் எண்ணெய்க்குச் சீமைப் பங்காளி! டித்ரனாலின் முன்னோடி மருந்துக்குப் பெயர் 'கோவாப் பொடி'. வந்ததோ பிரேசில் மரத்திலிருந்து. 1974-இல் சோராலென் மாத்திரையோடு ஒளி சேர்ந்தது. சோராலென் நம் கார்போக அரிசியிலும் உண்டு.

இப்போது வாரம் மூன்று நாள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு விளக்குப் பெட்டிக்குள் நிற்கிறேன். கால்சிபோட்ரையோல் களிம்பு அதற்குப் பிறகுதான். முன்பே பூசினால் கதிர் மருந்தைச் சிதைத்துவிடும்.