லீவர் ரைபிள் வராத மதுரைச் சீமை

லீவர் ரைபிளில் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையமே நெம்புகோலாக நீண்டிருக்கும். கையை எடுக்காமல் அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு தெறித்து விழும், குதிரை பின்னால் மடங்கும், குழலுக்கு அடியிலுள்ள குழாயிலிருந்து அடுத்த தோட்டா மேலேறும். மீண்டும் மேலே இழுத்தால் தோட்டா அறைக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். 1860-இல் ஹென்றி ரைபிளாகத் தொடங்கி, 1866 முதல் வின்செஸ்டர் என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் பரவிய அமைப்பு இது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894 மாடல் மட்டுமே 70 லட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டது. அந்த 70 லட்சத்தில் மதுரைப் பக்கம் வந்து சேர்ந்தவை இருந்தாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். குறை துப்பாக்கியில் இல்லை. 1801-க்குப் பிறகு இந்தச் சீமையில் யார் எந்தத் துப்பாக்கியை எடுக்கலாம் என்பதைச் சுடுபவரின் விருப்பம் முடிவு செய்யவில்லை, ஆள்பவரின் அச்சமே முடிவு செய்தது.

அதற்கு முன்பு நிலைமை வேறு. நாயக்கர் காலத்து மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களும் 72 பாளையக்காரர் பொறுப்பில் இருந்தன. ஈட்டி, வாள், வளரியோடு திரித்துப்பாக்கியும் அவர்களின் ஆட்களிடம் புழங்கியது. கனன்றுகொண்டிருக்கும் திரியை மருந்துக் கிண்ணத்தில் தொடவைத்துச் சுடும் துப்பாக்கி அது. மழையில் உதவாது, இருட்டில் திரியின் கங்கு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் உள்ளூர்க் கொல்லரே பழுது பார்த்துவிடுவார். 1763-64-இல் ஆற்காட்டு நவாபின் படையும் ஆங்கிலேயர் படையும் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளிருந்து மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தவர் கான்சாகிபு என்ற யூசுப்கான். பிடிபட்ட அவர் 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டார். ஆரப்பாளையத்திலிருந்து தேனிச் சாலைப் பக்கம் போனால் வரும் சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

பாஞ்சாலங்குறிச்சி 1799-இல் வீழ்ந்தபின் ஆயுதங்களை ஒப்படைக்கும்படி மேஜர் பானர்மேன் ஆணையிட்டார். ஆணையால் போர் ஓயவில்லை. ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் நடத்திய அடுத்த போரும் அடக்கப்பட்டபின், 1801 டிசம்பர் 1-இல் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர் படைகளைக் கலைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். தென்பாண்டிச் சீமையின் ஆயுதப் பழக்கம் அத்தோடு முறிந்தது. எஞ்சியது காட்டோரத்துக் குடியானவரின் நாட்டுத்துப்பாக்கி. குழல் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, நார் வைத்து இடித்து, ரவையைப் போட்டு, பின்பக்கம் அடித்தால் பொறி தெறிக்கும் கேப் மாட்டிச் சுடுவது. பிற்காலத்தில் ரவைக்குப் பதில் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளும் அதில் ஏறின. பன்றி விரட்டத்தான் அது சரி. காகிதத்தில் வட்டம் வரைந்து நடுவில் அடிப்பதற்கு அது தோதாகாது.

1857 கிளர்ச்சி அரசின் அச்சத்தை இன்னும் வளர்த்தது. இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளைச் சிப்பாய்களைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியே கொடுக்கப்பட்டது. அவர்கள் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறியபோது இவர்கள் கையில் ஸ்னைடர் இருந்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. மார்ட்டினியின் தோட்டா .450 என்பதால், 1907 வாக்கில் அந்த அளவு ரைபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவரவும் தடை வந்தது. வேட்டைக்கென்று வரும் தோட்டா, கிளர்ச்சியாளர் கைக்குப் போன மார்ட்டினி ரைபிள்களுக்குப் பயன்பட்டுவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று புதுப்புது அளவுகளை உருவாக்கியதற்கு இந்தத் தடை முக்கியக் காரணம். வேட்டைக்காரர்கள் பெருமையாகப் பேசும் அந்த அளவுகள், உண்மையில் போலீஸ் மூளையில் பிறந்தவை.

லீவர் ரைபிள் தமிழ் மண்ணில் பெயர் பெற்ற ஒரே இடமும் இந்த வேட்டை உலகம்தான். பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974), ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, தர்மபுரி காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடி அலைந்தபோது தோளில் சுமந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். மற்ற லீவர் ரைபிள்களிலிருந்து அது ஒரு விதத்தில் மாறுபட்டது. குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும்போது, பின்னாலுள்ள தோட்டாவின் முனை முன்னாலுள்ளதன் கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூராக இருந்தால் அதிர்ச்சியில் வெடித்துவிடலாம். அதனால் குழாய் வைத்த ரைபிளுக்குத் தட்டை முனைக் குண்டே வழக்கம். தட்டை முனை தூரம் போகப் போக வேகம் இழக்கும். 1895 மாடலில் பிரௌனிங் குழாயை விட்டுவிட்டு, விசைக்கு முன்னால் பெட்டி வைத்துத் தோட்டாக்களை மேலும் கீழுமாக அடுக்கினார். பலமான தோட்டா, உடனே அடுத்த சூடு: புதருக்குள்ளிருந்து பாயும் மிருகத்துக்கு எதிரே அது நல்ல தேர்வு.

இலக்குச் சுடுதலுக்கு வேண்டியது வேறு. மதுரையில் காகித இலக்கைச் சுட்டுப் பார்த்த சாதாரண மனிதர்களில் பெரும்பாலோர் என்.சி.சி. மாணவர்களாகவே இருப்பார்கள். 1948-இல் அந்த அமைப்பு தொடங்கியபின், கல்லூரி மாணவர் .22 ரைபிளோடு தரையில் குப்புறப் படுத்து, ஐந்து தோட்டா சுட்டு, ஐந்து ஓட்டைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று அளந்து பார்ப்பது வழக்கமானது. இதைக் குரூப்பிங் என்பார்கள். லீவர் ரைபிள் தடுமாறுவது சரியாக இந்த நிலையில்தான். படுத்தபடி நெம்புகோலைக் கீழே தள்ளினால் அது தரையில் முட்டும். துப்பாக்கியைச் சாய்க்க வேண்டும், சாய்த்தால் உடலின் அமைப்பு கலையும், அடுத்த குண்டு வேறு இடத்துக்குப் போகும். குழலோடு கட்டிய தோட்டாக் குழாயும் காலியாகக் காலியாகக் குழலின் அதிர்வை மாற்றும். பக்கவாட்டுக் கைப்பிடியைத் திருப்பி இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைபிளில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

என்.சி.சி.க்கு முன்பே, 1920-இல், சட்டமும் மாறியிருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் ஆயுத உரிமத்தில் இருந்த நிற வேற்றுமையை ஏட்டளவில் நீக்கின. அதே ஆண்டு ஏப்ரல் 3-இல், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். விதிப்புத்தகத்தின் சமத்துவம் கிராமம் வரை வரவில்லை. போலீசுக்குமே அரசு முழு நம்பிக்கை வைக்கவில்லை: .303 ரைபிளை மாற்றியமைத்து, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் ஏற்றக்கூடிய .410 மஸ்கட்டாக அவர்களிடம் கொடுத்தது. விடுதலைக்குப் பிறகும் வெகுகாலம் காவல் நிலையங்களில் அதுதான் நின்றது.

1951-இல், மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மவ்லங்கர் முன்னின்று தேசிய ரைபிள் சங்கத்தைத் தொடங்கியபின் சுடுதல் விளையாட்டு என்ற தகுதியைப் பெற்றது. 1959-இன் ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கினாலும் உரிம முறையை வைத்துக்கொண்டது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது, அதோடு லீவர் ரைபிளுக்கு இங்கிருந்த ஒரே வேலையும் போனது. 1980-களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. படைத் தோட்டாவோடு ஒட்டாத .315 போல்ட் ரைபிளை இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை பொதுமக்களுக்காகத் தயாரித்தது. உரிமம் கிடைத்தவருக்குக் கடையில் பெரும்பாலும் கிடைத்த ரைபிள் அதுவே. தேர்தல் அறிவிப்பு வந்தால் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வது வழக்கம்.

சட்டம் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல. ஆஸ்திரேலியாவில் 1996-இல் அரைத் தானியங்கி வகைகள் பெருமளவில் தடை செய்யப்பட்டபின் அங்கே லீவர் ரைபிளுக்கு மவுசு கூடியது. அங்கோ அமெரிக்காவிலோ வாழும் தமிழர் இலக்குக்கென்றே ஒன்று வாங்குவதானால் .22 தோட்டா சுடும் லீவர் ரைபிள் போதும். உதைப்பு மிகக் குறைவு, தோட்டா மலிவு, நின்றபடி சுடும் உலோக உருவப் போட்டிகளில் அதற்கு இடமும் உண்டு.

மதுரையில் கதை வேறு. ஒலிம்பிக் பிரிவுகளில் லீவர் ரைபிள் கிடையாது, இந்திய அரசுத் தொழிற்சாலைகளும் அதைச் செய்வதில்லை. இங்கு தொடங்குபவருக்கு உரியது .177 காற்று ரைபிள். 2016 விதிகளின்படி, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாவிட்டால் அதற்கு உரிமம் தேவையில்லை. சுட வேண்டிய தூரம் 10 மீட்டர், ஒரு கூடத்துக்குள் அடங்கிவிடும். போட்டி ரைபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. குண்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர், அது தொட வேண்டிய பத்துப் புள்ளிப் பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது இந்தப் பிரிவில்தான்.