நாவின் பெயர் தேடிய கதை

'அத்தை' என்று சொல்லிவிட்டு உடனே 'அட்டை' என்று சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் நாநுனி மேற்பல்லில் ஒட்டி நிற்கும். அடுத்ததில் அது பின்னுக்கு மடிந்து, நாவின் அடிப்பக்கம் அண்ணத்தைத் தொடும். ட, ண, ள, ழ ஆகிய ஒலிகளுக்கெல்லாம் இந்த மடிப்பு உண்டு. இவற்றை மொழியியலார் இன்று 'ரெட்ரோஃப்ளெக்ஸ்' என்கிறார்கள். தமிழில் நாமடி ஒலி. இந்தப் பெயருக்கு வந்து சேர மேற்கு நாட்டு அறிஞர்கள் வெகுதூரம் சுற்ற வேண்டியிருந்தது.

வடமொழி இலக்கணிகள் இதை 'மூர்த்தன்யம்' என்றார்கள். மூர்த்தா என்றால் தலை, உச்சி. அவர்கள் சுட்டியது வாய்க்குள் இருக்கும் உச்சியை, அண்ணத்தின் முகட்டை. ஐரோப்பியர் அந்தத் தலையை மண்டை என்று எடுத்துக்கொண்டு 'செரிப்ரல்' என்று பெயர்த்தார்கள். மூளையைச் சேர்ந்தது என்று பொருள். டகரத்துக்கும் மூளைக்கும் என்ன உறவு? ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில், இவ்வொலிகள் திராவிட மொழிகளுக்கே இயல்பாக உரியவை என்று வாதிட்ட கால்டுவெல்லும் அதை ஆண்டார். 1879இல் விட்னி தம் சமஸ்கிருத இலக்கணத்தில் 'லிங்குவல்', அதாவது நாவொலி, என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அதுவும் போதாது. இதழில் பிறப்பவை போக, மெய்யொலிகளில் பெரும்பாலானவை நாவால் ஆனவைதாமே?

எனக்கு ஆற்றாமை வேறொன்றில். விட்னியே 1871இல் பதிப்பித்த தைத்திரீயப் பிராதிசாக்கியம் என்ற பழைய வடமொழி ஒலியியல் நூலில் விடை இருந்தது. டகர வரிசைக்கு நாநுனியைப் பின்னுக்குச் சுருட்ட வேண்டும் என்று அந்நூல் தெளிவாகச் சொல்கிறது. தொல்காப்பியப் பிறப்பியலும் ழகரத்துக்கு 'அணரி' என்ற சொல்லை வைத்திருக்கிறது: நாநுனி மேல்நோக்கி எழுந்து அண்ணத்தைத் தடவும் அசைவு. இரண்டு மரபுகளும் நாவின் அசைவைப் பார்த்துச் சொன்னவை. இடத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டவர்கள் அசைவை விட்டுவிட்டார்கள். 'பின்னோக்கி வளைந்த' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து 'ரெட்ரோஃப்ளெக்ஸ்' பிறந்தபோதுதான் பெயர் நாவின் அசைவுக்குத் திரும்பியது.

1983இல் ஒலியியலாளர்கள் பீட்டர் லடிஃபோகெடும் பெரி பாஸ்கரராவும் இந்தி, தமிழ், தெலுங்கு பேசுவோரின் நாவை எக்ஸ்ரே படங்களில் ஒப்பிட்டார்கள். தமிழிலும் தெலுங்கிலும் நா நன்றாக மடிந்து, அடிப்பக்கம் அண்ணத்தைத் தொட்டது. இந்தியில் அவ்வளவு மடிப்பில்லை; நுனி மட்டும் பல்லீறுக்குப் பின்னே பட்டு மீண்டது. இரண்டுக்கும் பாடநூல்களில் பெயர் இன்னும் ஒன்றுதான்.