தங்கையும் 'ப்ரீமா', மச்சாளும் 'ப்ரீமா': ஸ்பானிய மொழியில் உறவுமுறைகள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில் உள்ள எங்கள் பலாபத்வலயில் யாராவது 'தாத்தா' என்று அழைத்தால், அழைப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். தமிழருக்கு அது பாட்டன், சிங்களவருக்குத் தந்தை, முஸ்லிம் வீடுகள் பலவற்றில் மூத்த சகோதரி. உறவுச் சொல்லை ஒலியை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பது இங்கு சிறுவயதிலேயே விளங்கிவிடும். கைப்பேசியில் ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கியபோது எனக்கு இதுவே கைகொடுத்தது.

சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக உள்ள ஸ்பானிய மொழியில் அடிப்படை உறவுச் சொற்கள் எளிது. பெரும்பாலானவை ஆணுக்கு 'ஓ' என்றும் பெண்ணுக்கு 'ஆ' என்றும் முடியும்.

• தந்தை, தாய்: பாத்ரே, மாத்ரே (இவை விதிவிலக்கு)
• மகன், மகள்: ஈஹோ, ஈஹா
• சகோதரன், சகோதரி: எர்மானோ, எர்மானா
• பாட்டன், பாட்டி: அபுவேலோ, அபுவேலா
• மாமனார், மாமியார்: சுவேக்ரோ, சுவேக்ரா

ஆண்பால் பன்மை இருபாலாருக்கும் பொருந்தும். 'பாத்ரெஸ்' என்றால் பெற்றோர்; 'எர்மானோஸ்' என்றால் உடன்பிறந்தோர். 'பரியென்தெஸ்' பெற்றோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல ஒலித்தாலும் அதன் பொருள் உறவினர்.

சிக்கல் அடுத்த வட்டத்தில்தான். பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் அங்கே 'தியோ'. பெரியம்மா, சித்தி, அத்தை மூவரும் 'தியா'. அண்ணனா தம்பியா என்பதும் 'எர்மானோ'வில் தெரியாது. மூத்தவரென்றால் 'மயோர்', இளையவரென்றால் 'மெனோர்' என்று சேர்க்க வேண்டும்.

பெரிய இடர் 'ப்ரீமா' என்ற சொல்லில் இருக்கிறது. சித்தப்பாவின் மகள் நமக்குத் தங்கை. மாமாவின் மகள் மச்சாள். ஒருத்தியை மணப்பதை நினைத்தும் பார்க்க மாட்டோம்; மற்றவள் பல குடும்பங்களில் முறைப்பெண். ஸ்பானிய மொழியில் இருவரும் 'ப்ரீமா'. "என் பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன்" என்று நாம் இயல்பாகச் சொல்வது, அங்கே தங்கையைக் கட்டியதுபோலக் கேட்கக்கூடும். அப்போது சொல்லோடு நிற்காமல் வழியையும் சொல்வது நல்லது: 'லா ஈஹா தெல் எர்மானோ தே மி மாத்ரே', அதாவது என் தாயின் சகோதரனுடைய மகள்.

ஸ்பானிய மொழிக்குத் தாயான லத்தீனில் தந்தையின் சகோதரனுக்கு 'பத்ருஸ்', தாயின் சகோதரனுக்கு 'அவுன்குலுஸ்' என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. காலப்போக்கில் அந்த வேறுபாடு மறைந்துபோனது. நம் அயலில் பேசப்படும் சிங்களத்திலோ அது இன்றும் உயிரோடு இருக்கிறது: லொகு தாத்தா பெரியப்பா, பாப்பா சித்தப்பா, மாமா மாமாவேதான். சித்தப்பாவின் மகள் அங்கேயும் 'நங்கி', தங்கைதான்.

ஆனாலும் ஸ்பானிய மொழி எல்லா இடத்திலும் வறியதல்ல. ஆங்கிலத்தில் தனிச் சொல் இல்லாத நம் 'சம்பந்தி'க்கு அங்கே 'கொன்சுவேக்ரோ' இருக்கிறது. சகலனுக்கு 'கொன்குன்யாதோ', ஓரகத்திக்கு 'கொன்குன்யாதா'. ஆங்கிலத்தை இடையில் வைத்துப் படிப்பவருக்கு இந்தப் பொருத்தம் கண்ணில் படாமலே போய்விடும்.

ஆகவே கற்கத் தொடங்குவோர் முதலில் தங்கள் குடும்ப மரத்தைத் தமிழில் வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஸ்பானியச் சொல்லை எழுதுங்கள். எங்கே இரண்டு பேருக்கு ஒரே சொல் விழுகிறதோ, அங்கே ஒரு விளக்கத் தொடரையும் சேர்த்துப் பழகுங்கள்.