ஓசூரில் ஒரு பந்தாட்டம்

சென்ற மார்கழியில் ஓசூருக்குப் போயிருந்தேன். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடியில் உள்ள ஊர். காலை எட்டு மணிக்கும் குளிர் விட்டபாடில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு பொட்டலில் ஆலைத் தொழிலாளிகளான வாலிபர்கள் வாலிபால் ஆடிக் கொண்டிருந்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஹிந்தி என நான்கு பாஷைகளிலும் ஒரே ஆரவாரம். ஓரமாக விசிலுடன் நின்றிருந்தார் ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற தேகப்பயிற்சி ஆசிரியர், கிறிஸ்தவர், சென்னை நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவர்.

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லையா, சார்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

"விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன், ஐயா. ஆனாலும் சபைப் பெரியவர்கள் சிலருக்கு வருத்தந்தான். ஓய்வுநாளில் விளையாட்டா என்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஓய்வு இந்த ஒருநாள்தானே?" என்றார்.

அவருடைய சங்கடத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1844-இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயது ஜவுளிக்கடைச் சிப்பந்தி, சக ஊழியர்களோடு கூடித் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. கிராமத்தை விட்டுப் பட்டணத்துக்குப் பிழைக்க வந்த பையன்கள் அவர்கள். பகலெல்லாம் வேலை, இரவில் கடைக்கு மேலே நெருக்கியடித்துக்கொண்டு தூக்கம். ஜெபத்துக்காகக் கூடிய சங்கம், நாளடைவில் மனிதனுக்கு உடம்பும் உண்டு என்பதைக் கண்டுகொண்டது. உடல், மனம், ஆன்மா மூன்றும் சேர்ந்த முக்கோணமே அதன் சின்னமாயிற்று. அமெரிக்காவில் ஹோலியோக் என்ற காகித ஆலை நகரத்தில், 1895-இல், ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சி ஆசிரியர் வில்லியம் மார்கன் கண்டுபிடித்த ஆட்டந்தான் வாலிபால். ஆலை நகரத்தில் பிறந்த ஆட்டம் ஓசூர் ஆலைத் தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்தது பொருத்தந்தானே!

கொண்டுவந்து சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஹாரி குரோ பக். அமெரிக்கர். 1919-இல் சென்னைக்கு வந்து, மறுவருஷமே தேகப்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அப்போது இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் பொதுச் செயலாளராக இருந்தவர் கே.டி.பால். சேலத்தில் பிறந்தவர், ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவையே. 'டிரில் வாத்தியார்' என்றாலே இளப்பமாகப் பார்த்த காலம். பக் அசரவில்லை. 1943-இல் சென்னையிலேயே காலமாகும் வரை, அந்த வாத்தியாருக்கு ஒரு கௌரவம் தேடிக் கொடுப்பதே அவருடைய ஊழியமாக இருந்தது.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்திய வீரர்களை அழைத்துச் சென்றவரும் அவரே. அதே பாரிஸில்தான் எரிக் லிடெல் என்ற ஸ்காட்லாந்து வாலிபர், ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டர் ஓட்டத்தைத் துறந்தார். பிறகு 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார்.

இந்தக் கதை பலருக்குத் தெரியும். பின்கதை அவ்வளவாகத் தெரியாது. அடுத்த வருஷமே லிடெல் சீனாவுக்கு ஊழியம் செய்யப் போனார். யுத்த காலத்தில் ஜப்பானியரின் வேய்ஷியன் முகாமில் அடைபட்டார். அங்கிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுகளை ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. ஒரு ஞாயிறு, பிள்ளைகள் தாமே ஹாக்கி ஆடப்போய், நடுவர் இல்லாமல் அடிதடியில் முடிந்தது. அதற்குப் பின் ஒரு ஞாயிறு, லிடெலே நடுவராக வந்து நின்றார்! 1945 பிப்ரவரியில், அந்த முகாமிலேயே மூளைக் கட்டியால் இறந்தார்.

பாரிஸில் ஓட மறுத்ததும் உறுதிதான். முகாமில் விசிலை எடுத்ததும் உறுதிதான். முன்னதில் தான் இழப்பதைப் பற்றி மட்டுமே கேள்வி. பின்னதிலோ, பிறர் இழப்பதைப் பற்றி. விரதத்தைக் காப்பது பெரிது. அந்த விரதம் எதற்காக என்பதை மறவாமலிருப்பது அதனினும் பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"தெரியும், ஐயா. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் யோசித்துக்கொண்டுதான் வருகிறேன்" என்றார்.

அதற்குள் வலையருகே ஏதோ சச்சரவு. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, அந்த வயதிலும் ஓட்டமாக ஓடினார்.