போர்முனையும் செய்திமுனையும்



நாட்டின் எல்லையில் போர் மூளுங்கால் போராடுவோர் படைவீரர் மட்டுமல்லர். ஊரில் இருந்து செய்தி கேட்போர்க்கும் அதில் ஒரு கடமை உண்டு. அக்கடமையை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெங்களூரில் தமிழர் பெருகியதற்கும் படைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. சீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலப் படை 1809-ல் இங்கு வந்து தண்டு அமைத்தது. சென்னை மாகாணத்துப் படைவீரரும், அவர்களைச் சார்ந்து பிழைத்த தொழிலாளரும் வணிகரும் அதனைத் தொடர்ந்து குடியேறினர். நீலசந்திராவில் வாழும் தமிழர் பலருக்கும் தண்டுப் பகுதியே தாய்வீடு போன்றது. 1780-ல் தோன்றிய சென்னைச் சாப்பர்ஸ் படைக்கு இந்நகரமே தலைமையிடம். அப்படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலியில் கண்ணிவெடி வெடிக்கும் தறுவாயில் அதன்மேல் தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து உயிர்நீத்தார். ஜார்ஜ் சிலுவை விருது பெற்ற முதல் இந்தியர் அத்தமிழரே.

இத்தகைய வீரரைப் பெற்ற சமூகம் போர்ச் செய்தியை எவ்வாறு கையாண்டது? 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. தாக்குதல் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மாண்டோர் மிகச் சிலரே. ஆயினும் மறுநாள் முதல் மக்கள் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு ஓடினர். கப்பல் திரும்பி வரும் என்ற வதந்தி குண்டைவிட அதிகத் தொல்லை விளைத்தது. அக்கப்பல் அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவருகே அழிந்தது. ஆனால் ‘எம்டன்’ என்னும் சொல் நம் பேச்சில் நிலைத்துவிட்டது. நம்பத்தக்க செய்தி கிடையாதவிடத்து வதந்தி அரசாளும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

செய்தி மிகுந்துவிட்டால் இக்குறை தீருமா எனில், தீரவில்லை. 1999-ஆம் ஆண்டு கார்கில் போரைத் தொலைக்காட்சி வீடுதோறும் கொணர்ந்தது. அதனால் நன்மையும் விளைந்தது. மக்கள் உளமுருகி நிதி வழங்கினர். அப்போரில் திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் மே 29-ஆம் நாள் பட்டாலிக் முனையில் வீழ்ந்தார். அவர்தம் உடல் ஒரு மாதத்துக்கு மேல் சென்ற பின்னரே மலையினின்றும் மீட்கப்பட்டது. அத்தகைய காத்திருப்பில் இருக்கும் குடும்பத்துக்கு, ஆரவாரம் நிறைந்த ஒவ்வொரு செய்தியும் எத்துணை வேதனை தரும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2008 நவம்பரில் பம்பாய் நகரம் தாக்கப்பட்டபோது கேடு வெளிப்படையாயிற்று. நரிமன் இல்லத்தின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து வீரர் இறங்கிய காட்சி அந்நேரமே ஒளிபரப்பாயிற்று. கொலைகாரரை எல்லைக்கு அப்பாலிருந்து இயக்கியோரும் அதனைக் காண முடிந்தது. 2012-ல் உச்சநீதிமன்றம் இப்போக்கினைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-ல் இத்தகைய நடவடிக்கைகளின் நேரடி ஒளிபரப்பைத் தடுக்கும் விதி வந்தது. எனினும் 2025 மே மாதத்தில், கராச்சித் துறைமுகம் அழிந்தது எனச் சில தொலைக்காட்சிகள் முழங்கின. அது பொய்யென விரைவிலேயே தெளிந்தது.

இவற்றைக் கண்டு, போர்க்காலத்தில் பத்திரிகைகள் வாய்மூடி இருத்தலே நன்று என்று சிலர் கூறுவர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. 1854-ல் கிரிமியப் போர்க்களத்திலிருந்து லண்டன் டைம்ஸ் நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல், ஆங்கில வீரர் மருந்தும் பராமரிப்பும் இன்றி வாடுவதை எழுதினார். தளபதிகள் சினந்தனர், மக்களோ விழித்தெழுந்தனர். அவ்வாண்டே ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் தாதியருடன் புறப்பட்டார். வீரருக்கு நேர்ந்த குறையை எடுத்துரைக்கும் செய்தி அவருக்குத் துணை. அவர் நிற்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும் செய்தி பகைவர்க்குத் துணை. இவ்வேறுபாட்டை அறிதலே நல்லறிவு.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணியாற்றும் நமக்கு ஓர் உண்மை தெரியும். ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையத்தின் ‘லைன் கிளியர்’ பெறாமல் எந்த வண்டியும் புறப்படலாகாது. பயணிகள் எத்துணை அவசரப்படினும் விதி அதுவே. செய்திக்கும் அவ்வாறே சரிபார்த்தல் வேண்டும். அப்பொறுப்பு பத்திரிகையாளரோடு முடிவதில்லை. கைபேசியில் வந்ததை அக்கணமே பத்துப் பேருக்கு அனுப்பும் நாமும் இன்று செய்தியாளரே. படை வண்டி செல்லும் வழியையும், விடுப்பு முடியாமல் அழைக்கப்பட்ட அண்டை வீட்டுப் பிள்ளையின் பெயரையும் பரப்புதல் தகாது.

நம் காலனியில் பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டு வாசலை நோக்கியிருக்கும் தாய்மார் உளர். போர்க்காலத்தில் அவ்வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறுவோம். உறுதியாகாத சாவுச் செய்தியை அங்குச் சுமந்து செல்லாதிருப்போம். அமைதிக்காலத்திலும் 1949 முதல் டிசம்பர் 7-ஆம் நாள் கொண்டாடப்பெறும் கொடிநாளன்று, முன்னாள் வீரர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் இயன்றதை ஈவோம். கையைத் திறந்து கொடுத்தலும், நாவை அடக்கிக் காத்தலும் வீரர்க்கு நாம் செலுத்தும் இருவகைக் காணிக்கைகளாம்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!